மேயருக்கு மட்டும் பழைய ஆளு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. மேனேஜர் சாவி எடுத்துட்டு வர்றேன்னு போனான்னா, போற வழியில நாலு பேர்த்துகிட்டப் பேசி, கேன்டீன்ல ஒரு டீயும் குடிச்சுட்டுத்தான் வருவான். பக்கத்து ரூமுதானே பார்க்க வந்தீங்க? அப்பாவுக்குங்களா? நல்ல ரூமுங்க. கெழக்க பார்த்த சன்னல், காத்து பிச்சுக்கிட்டு வரும். முன்ன அதுல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருந்தாரு. இப்ப இல்லைங்க. ஊருக்குப் போயிட்டாருன்னு உங்கப்பாகிட்டச் சொல்லிக்குங்க.

முதியோர் இல்லம்னாலும் சாப்பாடு பரவால்லீங்க. உப்பு, ஒறப்பு ரெண்டும் ஆசுபத்திரி அளவுதான். பேச்சுத் தொணைக்குத்தான் ஆளு பத்தாது. பாதிப் பேருக்குக் காது கேக்காது, மீதிப் பேரு டிவியை விட்டு நகரமாட்டாங்க. பொழுது சாஞ்சா நாங்க அஞ்சாறு பேரு அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்து அரசியல் பேசுவோம். எவன் வரணும், எவன் வரக்கூடாது, ஆளுற தகுதி யாருக்கு இருக்குதுன்னு. நான் பேசுனா எல்லாரும் கேப்பாங்க. கோபிப் பக்கம் எங்கூரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு மூணு தடவை தலைவரா இருந்தவனுங்க நானு. சென்னியப்பன்னு சொன்னா அந்தப் பக்கம் தெரியாத ஆளு இல்லை. எலெக்சன்னா எனக்கு அல்வா சாப்புடற மாதிரி.

இங்க உள்ள எலெக்சன் மட்டுமில்லீங்க. அமெரிக்காவுல நடத்தியிருக்கேன். சிரிக்காதீங்க, மெய்யாலுந்தான். என்ற மக வளர்மதி அங்க கவுன்சிலருங்க. அவளை ஜெயிக்க வெச்சதே நானு. ஜெயிக்க வெச்ச அப்பனை ஏரோப்பிளேன்ல ஏத்தி இங்க கொண்டாந்து உட்டுட்டா. கேட்டா ஒரு காரணம் சொல்றா பாருங்க, நீங்களே கேட்டுட்டு ஞாயத்தைச் சொல்லுங்க.

என்ற வூட்டுக்காரி ராமாத்தா போனதுக்கப்பறம் வளர்மதி வந்து என்னையக் கூட்டிட்டுப் போனா. ஒத்தப் புள்ளைங்க. நியூஜெர்சியில ஒரு சின்ன ஊரு. வூடு அரண்மனையாட்டம் இருக்குது, ஆனா பகல்ல ஒரு ஈ காக்கா கெடையாது. மாப்பிள்ளை வேலைக்கு, வளர்மதி வேலைக்கு, பேத்திக ரெண்டும் பள்ளிக்கூடத்துக்கு. நான் சன்னல்ல நின்னு ரோட்டைப் பார்ப்பேன். ரோட்டுல ஆளே போகாது தம்பி, காருதான் போகும். தபால் போடறவன் வந்தா கையை ஆட்டுவேன், அவனும் ஆட்டுவான். அன்னிக்குப் பேச்சு அவ்வளவுதான். ராமாத்தா படத்துக்கு முன்னால உக்காந்து சத்தமா எதையாச்சும் சொல்லிக்கிட்டிருப்பேன், தொண்டை மறந்துரக்கூடாதுன்னு.

அப்பத்தான் வளர்மதி எலெக்சன்ல நிக்கறேன்னா. அங்க அது எப்படின்னா, மேயருக்கு ஒருத்தரும் கவுன்சிலுக்கு ஒருத்தருமா ரெண்டு பேரு ஜோடி சேர்ந்து நின்னாங்க. மேயருக்கு நின்னவ பேரு டெனிசு. ஒரு பள்ளிக்கூடத்துப் பிரின்சிபாலு. அம்பத்தஞ்சு வயசிருக்கும். கருப்பு இனத்துப் பொம்பளைங்க. நல்ல ஆகிருதி, சிரிச்சா வூடு அதிரும். எலெக்சன் வேலையெல்லாம் எங்க வூட்டுச் சோத்து மேசையிலதான் நடந்துச்சு. வர்றவங்க போறவங்க எல்லாரும் எனக்கு ஒரு ‘ஹலோ’ சொல்லிப்போட்டு மேசைக்குப் போயிருவாங்க. டெனிசு மட்டும் அப்படியில்லை. சீக்கிரமாவே வந்து எம்பக்கத்துல உக்காந்துக்குவா. படத்தைக் காட்டி, இவங்க பேரு என்னன்னா. சொன்னேன். ‘ராமாட்டா’ன்னா. இல்லை, ராமாத்தான்னேன். வாயில சரியா வர்ற வரைக்கும் விடலீங்க அவ, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தா. எப்படி இருப்பாங்க, கோவக்காரியா, உங்களை மெரட்டுவாங்களான்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. செத்தவளைப் பத்தி எங்கிட்ட அப்படி யாரும் கேட்டதில்லை தம்பி. வளர்மதிகூடக் கேட்டதில்லை.

நானும் அவளுக்குன்னு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெப்பேன். ரெண்டு தடவை வாங்கித் தின்னுவா. வளர்மதி ‘அப்பா’ன்னு கூப்புடறதைக் கேட்டுட்டு அவளும் என்னைய ‘ஆப்பா’ன்னே கூப்புட ஆரம்பிச்சுட்டா. என்ற இங்கிலீசு சங்கத்து ஆபீசு இங்கிலீசு. அதை வெச்சுக்கிட்டே மணிக்கணக்காப் பேசுவோம். நல்லவதாங்க. அவளை நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் லைப்ரரி ஹால்ல கூட்டம். நிக்கறவங்க எல்லாரையும் மேடையில உக்கார வெச்சு சனங்க கேள்வி கேப்பாங்களாம். நானும் வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். ஒரு வெள்ளைக்காரன் எந்திரிச்சான். சிவந்த மூஞ்சி, தொப்பி. வளர்மதியைப் பார்த்து, நீ எந்த ஊருன்னான். இந்த ஊருதான், பதினஞ்சு வருசமா இங்கதான் இருக்கேன்னா இவ. அது சரி, மெய்யாலுமே எந்த ஊருன்னான். உம்பேரு என்ன பேரு, உங்க ஆளுக யாருன்னான். சரி, அதோட விட்டானா? ராத்திரி மீட்டிங்குக்குப் போயிட்டா உம்புள்ளைகளை யாரு பார்ப்பாங்கன்னான். டெனிசைப் பார்த்து, ஊரு நிர்வாகம்னா பள்ளிக்கூடத்துல புள்ளைகளை மெரட்டற மாதிரி இல்லை, அதுக்கு நிதானம் வேணும், உனக்குக் கோவம் சாஸ்தியாமேன்னான். அவளுக்குக் கோவமா! அவ கோவப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது தம்பி. ஒரு மனுசனைப் பார்த்து நீ யாரு, எங்கிருந்து வந்தே, உங்க ஆளுக யாருன்னா கேக்கறது? தகுதியைப் பாருடா, படிப்பைப் பாரு, வேலையைப் பாரு. பொம்பளைன்னா அவ்வளவு எளக்காரமா? அன்னிக்கு ராத்திரி நான் சோறு உங்கலை. அப்பத்தான் நெனச்சேன், இவனுகளுக்கு எலெக்சன்னா என்னன்னு சென்னியப்பன் காட்டறான் பாருன்னு.

அந்த ஊருல தமிழ் வூடுக கணிசமா இருக்குதுங்க. எல்லாம் கம்ப்யூட்டர் பசங்க. ஓட்டு இருக்குது, ஆனா போட மாட்டானுக. வளர்மதி என்ன பண்ணுனான்னா, எல்லா வூட்டுக்கும் ஒரே காகிதத்தைக் குடுத்துட்டு, ரோடு போடறோம், லைப்ரரி கட்டறோம்னு சொல்லிட்டு வந்தா. அப்படிக் கேட்டா எவன் போடுவான்? நான் மாப்பிள்ளையைக் கார் ஓட்டச் சொல்லி வூடு வூடாப் போனேன். சும்மாப் போகலீங்க, முறையாப் போனேன். மொதல்ல காப்பி குடிக்கறது. அப்பறம், தம்பி எந்த ஊருங்க? ஈரோடுங்களா, ஈரோட்டுல எந்தப் பக்கம்? அங்க எந்த வீதி? மாமனார் ஊரு எது? உங்க கொலசாமி கோயிலு எங்கிருக்குது? நாலு கேள்வியில ஆளு இன்னாருன்னு தெரிஞ்சு போகும். நம்ம ஆளா இருந்தா, நம்ம புள்ளை நிக்குது, விட்டுக் குடுக்கலாமாங்கன்னு கேப்பேன். வேற ஆளா இருந்தா அதுக்கு வேற பேச்சு. இன்னுங்கொஞ்சம் அந்தப் பக்கமா இருந்தா, காப்பி வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்னு வெளியவே நின்னு பேசிட்டு வந்துருவேன். பொழங்காத வூட்டுல போயி எதுக்கு உக்காந்துக்கிட்டு. எல்லாம் நம்மூருல பண்றதுதாங்களே.

எல்லா வூட்டுலயும் ஒரு சிக்கல் வந்துச்சு. வளர்மதிக்குப் போடறோமுங்க, ஆனா மேலே நிக்கறது...ன்னு இழுப்பாங்க. வாய் விட்டுச் சொல்ல மாட்டானுக, படிச்ச பசங்க. எனக்குத் தெரியாதா? கருப்புப் பொம்பளை மேயருன்னா இவனுகளுக்கு ஒரு மாதிரி இருக்குது. அவ பக்கத்துல நம்ம புள்ளை பேரும் சேர்ந்து கெடக்குது. அவளோட சேர்ந்து இவளும் முழுகிப் போயிருவாளோன்னு எனக்குப் பயம் வந்துருச்சு.

சங்கத்து எலெக்சன்ல இதுக்கு ஒரு வழி இருக்குதுங்க. ஒரே அணியா நிப்போம், போஸ்டர்ல எல்லார் மூஞ்சியும் இருக்கும். ஆனா அணியோட ஒட்டாத மூஞ்சி ஒண்ணு இருந்தா, வூட்டுக்குள்ளார போயி, அந்த ஆளை மட்டும் விட்டுட்டு மத்தவங்களுக்குப் போடுங்கன்னு காதோட சொல்லிருவோம். நமக்கும் சேதாரமில்லை, அவனுக்கும் தெரியாது. அதைத்தான் பண்ணுனேன். வளர்மதிக்குப் போட்ருங்க, மேயருக்கு மட்டும் பழைய ஆளுக்கே போட்டுக்குங்கன்னு சொன்னேன். அந்தப் பழைய மேயரு வெள்ளைக்காரன், ஆம்பளை, எதோ ஓட்டிக்கிட்டிருக்கான். கேட்டவனுக மூஞ்சியில அப்பத்தான் வெளிச்சம் வந்துச்சு. அங்கிள் கரெக்டாச் சொல்றீங்கன்னானுக.

நீங்க மூஞ்சியைச் சுளிக்கறீங்க. சுளிக்காதீங்க தம்பி, கேளுங்க. நான் பொம்பளைங்களுக்கு எதிரியில்லை. எதிரியா இருந்தா பெத்த மகளுக்கு ஓட்டுக் கேப்பனா? கவுன்சிலருங்கறது வேற. பத்துப் பேரோட ஒருத்தியா உக்காந்து கையைத் தூக்கறது. தலைமைங்கறது வேறங்க. நாலு பேரு அடங்கி நடக்கணும். எங்க சங்கத்துல பொம்பளை டைரக்டரு ரெண்டு பேரு இருந்தாங்க, சட்டப்படி. கையெழுத்துக்கு வருவாங்க, டீ பன்னு குடுப்போம், போயிருவாங்க. ஒரு தகராறு உண்டா? ராமாத்தாவே இருந்தா. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு அத்தனை மாட்டையும் அவதான் கறப்பா, சொசைட்டிக்குத் தூக்கிட்டுப் போயி அவதான் ஊத்துவா, எந்த மாட்டுப் பாலு தண்ணி, எது கெட்டின்னு தொட்டுப் பார்த்தே சொல்லிருவா. மெம்பரு நான்தான். என்ற பேருலதான் கார்டு. நானும் தலைவரா ஆகோணும்னு ஒரு நாளாவது அவ கேட்டிருக்காளா? குடும்பம் அப்படித்தான் நடந்துச்சு, நல்லாத்தான் நடந்துச்சு.

நெறத்துக்கு வாங்க. நானும் கருப்புத்தான், பாருங்க கையை. ஆனா நம்ம கருப்பு வேறங்க. நம்மது வெயிலு. அவங்களது அப்படியில்லை. எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியலை, உங்களுக்குப் புரியும்.

எலெக்சன் முடிஞ்சுது. வளர்மதி ஜெயிச்சுட்டா. டெனிசு தோத்துட்டா. ரொம்பக் கொஞ்ச ஓட்டுத்தான் வித்தியாசம். நம்ம தமிழ் வூடுக மொத்தமாப் போட்டிருந்தா தாண்டியிருப்பாளாம். அந்தக் கணக்கை நான் பார்க்கலீங்க, வளர்மதிதான் உக்காந்து பார்த்தா.

அந்த வாரக் கடைசியில வூட்டுல விருந்து. தமிழ் ஆளுக எல்லாம் வந்திருந்தாங்க. டெனிசும் வந்தா. தோத்தவ வந்திருக்கா பாருங்க, அந்தப் பெருந்தன்மையை என்ன சொல்றது. ஒரு பெரிய கேக்கு வாங்கியாந்து, வளர்மதியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, அப்பறம் நேரா எங்கிட்டத்தான் வந்து உக்காந்தா. என்ற கையை எடுத்து அவ கைக்குள்ளார வெச்சுக்கிட்டு, அடுத்த தடவை பார்த்துக்கலாம் ஆப்பான்னா. எனக்கு ஆறுதல் சொல்றா! நான் எனக்காகப் போட்ட காரப் பணியாரத்தை அவ தட்டுல வெச்சேன்.

அப்பப் பார்த்து ஒருத்தன் வந்தான். கதிர்வேலுன்னு பேரு, பெருந்துறைக்காரன். சந்தோசத்துல என்ற தோளைத் தட்டி, சத்தமா, “அங்கிள், நீங்க சொன்ன மாதிரியே நாங்க எட்டு வீடும் போட்டுட்டோம். வளர்மதி அக்காவுக்குப் போட்டுட்டு, மேயருக்கு மட்டும் பழைய ஆளு”ன்னான். தமிழ்லதான் சொன்னான். அதுல ஒரு தப்பும் இல்லை. ஆனா வளர்மதி பின்னாலயே தட்டோட நின்னுக்கிட்டிருந்தா.

டெனிசு சிரிச்சுக்கிட்டே, என்ன சொல்றாரு, உங்க பேரும் மேயருன்னும் காதுல விழுந்த மாதிரி இருக்குதேன்னு வளர்மதியைக் கேட்டா. வளர்மதி அவளைப் பார்த்தா. என்னையப் பார்த்தா. அப்பறம் இங்கிலீசுல, எல்லாரும் நமக்காக நெறைய வேலை செஞ்சாங்களாம், அதைத்தான் சொல்றாருன்னா. டெனிசு எந்திரிச்சு அந்தக் கதிர்வேலு கையைப் புடிச்சு, ரொம்ப நன்றி, ரொம்ப நன்றின்னா. அவன் கண்ணை எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னான்.

எல்லாரும் போனதுக்கப்பறம் வளர்மதி எங்கிட்ட வந்து உக்காந்தா. திட்டுவான்னு பார்த்தேன், திட்டலை. அழுதா. “அப்பா, லைப்ரரியில அந்தாளு எங்கிட்டக் கேட்டதையேதானப்பா நீங்க வீடு வீடாப் போயிக் கேட்டிருக்கீங்க”ன்னா. “ஏன் அம்மிணி, அவனும் நானும் ஒண்ணா? அவன் உன்னையத் தோக்கடிக்கக் கேட்டான். நான் ஜெயிக்க வெக்கக் கேட்டேன்”னேன். “அவங்க உங்க பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டாங்களேப்பா. அம்மா பேரைக் கத்துக்கிட்டாங்களேப்பா”ன்னா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சோறு போட்டேன், மரியாதையாப் பேசுனேன். ஓட்டு வேற, சோறு வேற இல்லீங்களா?

அப்பத்தான் அந்த வார்த்தையைச் சொன்னா. “அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும். சொல்லிட்டு அப்பறம் எங்கிட்டப் பேசுங்க.”

பெத்த அப்பனுக்குப் போடற நிபந்தனைங்களா இது? நான் என்ன களவாணித்தனமா பண்ணிட்டேன்? இவளுக்காகக் குளிர்ல வேட்டியைக் கட்டிக்கிட்டு நாய் குரைக்கற வூட்டுப் படியெல்லாம் ஏறுனேன். இன்னிக்கு அந்த நாற்காலியில உக்காந்திருக்கறா, யாரு போட்ட நாற்காலி? எனக்கும் ரோசம் வந்துருச்சு. சொல்ல மாட்டேன் போன்னுட்டேன். அவளும் பேசலை. ஒரே வூட்டுல ரெண்டு பேரும் பனிக்காலம் முழுக்கப் பேசிக்கலை. சோத்து மேசையில பேத்திக ரெண்டும் என்ற மூஞ்சியையும் அவங்கம்மா மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்க்கும். அப்பறம் மாப்பிள்ளைதான் டிக்கெட்டு எடுத்தாரு.

இப்ப வளர்மதி இங்க ஆபீசுக்குப் போன் பண்ணுவாளாம். சுகரு எவ்வளவு, பிரசரு எவ்வளவு, மாத்திரை போடறாரான்னு மேனேஜரைக் கேட்டுக்குவாளாம். அவன் வந்து எங்கிட்டச் சொல்லுவான், உங்க மக ரொம்பப் பாசங்கன்னு. ஆமாப்பான்னு சொல்லிருவேன்.

டெனிசுங்களா? அவளுக்குத் தெரியாது தம்பி. இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எனக்கு ஊரு நெனப்பு வந்து திரும்பிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. வாரத்துல ரெண்டு மூணு தடவை போன் பண்ணுவா. நம்ம சாயங்காலம் அவளுக்குக் காலைங்க. பள்ளிக்கூடத்துக்குக் கார் ஓட்டிக்கிட்டே பேசுவா. ஆப்பா, சாப்பிட்டீங்களா? முழங்கால் வலி எப்படி? இன்னிக்கு ராமாத்தாவைப் பத்தி ஒண்ணு சொல்லுங்கம்பா. நானும் எதையாச்சும் யோசிச்சு வெச்சிருந்து சொல்லுவேன். போன வாரம், ஒரு மாடு காணாமப் போயி ராமாத்தா ராவெல்லாம் வாய்க்கா மேட்டுல தேடுனதைச் சொன்னேன். அவ காரை நிறுத்திட்டுக் கேட்டா. அந்த ஒரு போன் வந்துச்சுன்னா எனக்கு ரெண்டு நாளைக்குத் தாங்கும். பொய் சொல்லலை.

முந்தாநேத்து என்ன சொன்னான்னா, மறுபடியும் மேயருக்கு நிக்கப் போறாளாம். சந்தோசங்கன்னேன். அதுக்கு அவ, ஆப்பா, எனக்கு ஒரு ஒதவி பண்ணுங்க, போன தடவை நீங்க எங்களுக்காக வூடு வூடாப் போனீங்களாமே, உங்க பேச்சை அவங்க அவ்வளவு மதிக்கறாங்களாமே, அங்கிருந்தே அவங்களுக்கு ஒரு போன் பண்ணி எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டா. பேரெல்லாம் வெச்சிருக்கா. கதிர்வேலு பேரையே சொன்னா, நல்ல பையன், எனக்காக ஒழைச்சவன்னு.

நான் என்னங்க சொல்றது? யோசிச்சுச் சொல்றேன் அம்மிணின்னேன். அம்மிணின்னா என்னன்னு கேட்டா. மகளைக் கூப்புடற வார்த்தைன்னேன். ரொம்பச் சந்தோசப்பட்டுட்டா. ரெண்டு நாள்ல கூப்புடறேன், நல்ல பதிலாச் சொல்லுங்கன்னா.

நீங்களே சொல்லுங்க. அந்தப் பசங்களைக் கூப்புட்டு, அன்னிக்குச் சொன்னது தப்பு, இப்ப இவளுக்குப் போடுங்கன்னா, நம்ம வார்த்தைக்கு என்ன மதிப்பு? தலைவரா இருந்தவன் பேச்சு மாறலாமா? சரி, இவகிட்ட உள்ளதைச் சொல்லிரலாம். சொன்னா வளர்மதி பேசுவா. அது தெரியுது. ஆனா இவ அப்பறம் பேச மாட்டாளுங்களே. நான் எந்த வார்த்தையில ஆரம்பிக்கறது? உன்ற கையால என்ற கையைப் புடிச்சுக்கிட்டிருந்தியே அம்மிணி, அன்னிக்கு அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமான்னா? இங்கிலீசுல அதுக்கு வார்த்தை தேடறேன் தம்பி, ரெண்டு நாளா. தமிழ்லயும் தேடிப் பார்த்துட்டேன்.

இருங்க. போனு அடிக்குது.

அவதானுங்க. படம் வருது பாருங்க, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு.

அடிக்கட்டும். பேச்சுக்கு நடுவுல எதுக்கு. நீங்க வந்திருக்கீங்க, ஒறம்பரையை வெச்சுக்கிட்டுப் போன் பேசுனா மரியாதையில்லை. இல்லீங்க, நீங்க உக்காருங்க, போகாதீங்க. எடுக்கலாம், எடுத்தா... வேண்டாம்.

எதுத்த ரூமு அம்மா எட்டிப் பார்க்கறாங்க பாருங்க. என்னங்கம்மா? ஆமாங்க, மகதானுங்க. அமெரிக்காவுல இருந்து. எடுக்கறனுங்க, நீங்க சாப்புடப் போங்க. தெனமும் கூப்புடுவா, ரொம்பப் பாசம்.

நின்னு போச்சு.

இன்னேரம் பள்ளிக்கூடத்துக்குப் போயிச் சேர்ந்திருப்பா. உள்ள போயிட்டா சாயங்காலம் வரைக்கும் போனைத் தொட மாட்டா. ஏனுங்க தம்பி, ஒரு தடவை எடுக்கலைன்னா, மறுபடியும் கூப்புடுவால்லீங்க?